இடப்பக்கம் திரும்ப இடக்கைப்பிடியைத் தள்ள வேண்டும்

அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட், இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று சைக்கிளோட்டிகள் பலரிடம் கேட்டுப் பார்த்தார். ஒருவராலும் முழுமையாகச் சரியான பதிலைச் சொல்ல முடியவில்லை. உண்மையில் முன்சக்கரம் முதலில் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது. அதனால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்த பிறகே வளைகிறது. வேகமாகப் போகும் பைக்கிலும் இதேதான்: இடக்கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளினால் வண்டி இடப்பக்கம் சாயும். கவுன்டர் ஸ்டீயரிங் என்பது இதுதான்.

எவ்வளவு சாய வேண்டும்? அதை வேகத்தின் இருமடியும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கின்றன. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 23 டிகிரி போதும். அதே வளைவில் 60 கி.மீ. என்றால் ஏறக்குறைய 43 டிகிரி! வேகம் கூடியது ஒன்றரை மடங்குதான். டயரிடம் கேட்கும் பக்கவாட்டுப் பிடிப்போ இரண்டேகால் மடங்கு. மோட்டோஜிபி வீரர்கள் 60 டிகிரிக்கு மேலும் சாய்வது, சூடேற்றிய மென்மையான பந்தய டயர்களின் பலத்தில். மணல் சிதறிய நம் மலைப்பாதையில் அந்தப் பிடிப்பு கிடைக்காது.

டயரின் மொத்தப் பிடிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. சாய்வுக்கும் பிரேக்குக்கும் அதே பிடிப்பிலிருந்துதான் பங்கு போகிறது. முழுதாகச் சாய்ந்திருக்கும்போது முன்பிரேக்கை இறுக்கினால் டயர் வழுக்கிவிடும். ஏபிஎஸ் இருந்தாலும் இந்த எல்லை மாறாது.

ஆகவே ஏற்காட்டுக்கோ வால்பாறைக்கோ கிளம்பும் நண்பர்களே, கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.