கை அறியும் இழுப்பறை

இரண்டு வருடங்களாக எனக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். கிளாக்கோமா என்கிறார்கள். பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் குறையுமாம். சொட்டு மருந்து மேற்கொண்டு போகாமல் காக்கும். போன பார்வை திரும்பாது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். மகன்கள் இருவரையும் அனுப்பிவிட்டு, கொல்லைப்புறத்து மரவேலை அறையைக் கைக்கு ஏற்றபடி மாற்ற உட்கார்ந்தேன்.

"என்னங்க, இந்த வயசுல எதுக்கு இந்த வேலை?" என்றாள் மனைவி.

"இந்த வயசுக்காகத்தான்" என்றேன்.

தட்டு வைத்த அலமாரியில் பின்னால் கிடக்கும் பொருளை நாம்தான் எட்டித் தேட வேண்டும். இழுப்பறை பொருளை நம்மிடம் கொண்டுவந்துவிடும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது இதை 'திர்வார்' என்போம். 'இழு' என்ற வினையிலிருந்து வந்த சொல். ஆங்கில டிராயரும் நம் இழுப்பறையும் அப்படித்தான். அலமாரி, மேசை, சாவி என்ற சொற்களைப் போர்ச்சுகீசியரிடம் வாங்கிய நமக்கு, இதற்கு மட்டும் சொந்தச் சொல் இருக்கிறது.

மரத்தைத் தொடுவதற்கு முன் பொருள்களைப் பிரித்தேன். ஓ.மு. என்றால் ஒரு வருடம், மூ.மு. மூன்று வருடம், ப.மு. பத்து வருடம் என்று கோப்புகளைப் பிரித்துப் பதிவறைக்கு அனுப்பிய கை அல்லவா! தினமும் எடுப்பது இடுப்பு உயரத்தில், எப்போதாவது எடுப்பது மேலே, ஆணி, போல்ட் போன்ற கனமானவை அடியில்.

அலமாரியின் உள் அகலம் 18 அங்குலம். சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் விட்டால், பெட்டி 17 அங்குலம். இதில் ஒரு நூல் கூடினால் பெட்டி உள்ளே போகாது. ஒரு நூல் குறைந்தால் அட்டை வைத்துச் சரிக்கட்டலாம். பக்கங்களுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட். அடிப்பலகை 6 மில்லிமீட்டர். அதைக் கீழே வைத்து ஆணி அடித்தால் பாரத்தில் கழன்றுவிடும். நான்கு பக்கமும் காடி எடுத்து உள்ளே செருக வேண்டும். பசை காயும் முன் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முகப்புக்கு மட்டும் சில்வர் ஓக் பலகை. மலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் அதே மரம்தான். பிளைவுட் அவ்வளவாக அசையாது. பலகை அப்படியல்ல, நீளத்தில் அசையாவிட்டாலும் அகலத்தில் உப்பும், சுருங்கும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று மரத்தை உலர்த்தி எடுத்துவிடும். ஐப்பசி மழையில் அது ஈரம் குடிக்கும். ஆடியில் இறுக்கமாகப் பொருத்திய முகப்பு ஐப்பசியில் திறக்காது. ஆகவே ஒவ்வொரு முகப்புக்கு மேலும் ஒரு நூல் இடைவெளி விட்டேன்.

கடைசியாகச் செய்ததுதான் எனக்கு முக்கியம். முகப்பில் பித்தளைக் குமிழாணி அடித்தேன். முதல் இழுப்பறைக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, இப்படி ஐந்து வரை. உளிகளுக்குத் தனித்தனிப் பள்ளம். பிடி நம் பக்கம், வாய் உள்பக்கம். தடவும்போது ஒரு பள்ளம் காலியாக இருந்தால், எந்த உளி வெளியே கிடக்கிறது என்று தெரிந்துவிடும். தினமும் மாலையில் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வைத்துப் பழகுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் இரவு கரண்ட் போய்விட்டது. பியூஸ் பார்க்க டெஸ்டர் வேண்டும். நான் எழுந்து செருப்பைத் தேடுவதற்குள், மனைவி போய் இருட்டிலேயே இரண்டு குமிழைத் தடவி எடுத்து வந்துவிட்டாள். எதுக்கு இந்த வேலை என்று அப்புறம் அவள் கேட்கவில்லை.