கத்திரி வெயிலில் ஒரு நாள் உல்லாசம்... பிள்ளைகளோடு மேட்டுப்பாளையம்!

மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, மெருகு போட்டு ஈரோடு மார்க்கெட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டால், கோபிசெட்டிபாளையம் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். பள்ளிக்கூடமும் அப்போது விடுமுறை. 'எல்லாரும் போறாங்க, நாம எப்பப் போறது?' என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். வருடத்துக்கு ஒரு நாள் கிடைக்கிற உல்லாசம், வருடத்திலேயே அதிகமாக வெயில் கொளுத்துகிற மே மாதத்தில் வந்து விழுகிறது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிற கத்திரி வெயிலில், சின்னப் பிள்ளைகளை நீர்விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துப்போவது நல்லதா?

தாராளமாக அழைத்துப்போகலாம். ஆனால், அந்த நாளின் நேரத்தை டிக்கெட் விலை தீர்மானிக்கக் கூடாது. வீட்டிலேயே சின்னப் பிள்ளையின் உடம்புதான் தீர்மானிக்க வேண்டும். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இரண்டரை ஏக்கரில் மஞ்சளும் வாழையும் வைத்து, இரண்டு கறவை மாடுகளையும் வளர்க்கும் ஒரு குடும்பம், இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

காசு வசூலாக வேண்டும் என்ற கணக்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்தக் குடும்பம் வேறொரு பூங்காவுக்குப் போனது. பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றி, வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டுக் கிளம்பவே மணி ஒன்பதரை. பூங்காவுக்குள் நுழையும்போது பதினொன்றரை. 'இவ்வளவு பணம் கட்டியிருக்கோம், ஒரு விளையாட்டையும் விடக் கூடாது' என்பது தகப்பனின் எண்ணம். உச்சி வெயிலில் வரிசையில் நின்றார்கள். அப்போது மூன்று வயதான மகன், தண்ணீரிலேயே இருந்ததால் யாருக்கும் கவலை வரவில்லை. குடிக்கக் கொடுத்ததும் ஒரு பாட்டில் கலர்தான்.

இரண்டு மணிக்கு மேல் பையன் காரணமில்லாமல் அழுதான். தூக்கம் என்று நினைத்தார்கள். நான்கு மணிக்கு வாந்தி. காலையிலிருந்து ஒருமுறைதான் சிறுநீர் போனான் என்பது அப்போதுதான் தாய்க்கு நினைவு வந்தது. அன்று இரவு பையனுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. மறுநாளே தெளிந்துவிட்டான். ஆனாலும் அடுத்த வருடம் சுற்றுலா என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

இந்த வருடம் மகள் விடவில்லை. அவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. தயங்கிய மகனிடம் அப்பாரு ஒன்றைத்தான் கேட்டார். "மிளகா நாத்த உச்சி வெயில்ல நடுவியா? மாட்டப் பதினோரு மணிக்கு மேல வெயில்ல கட்டுவியா? புள்ளைக்கு மட்டும் எதுக்கு வேற கணக்கு?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வருடத் திட்டம் தொடங்கியது.

திட்டம் வீட்டிலேயே தொடங்கட்டும்

இந்த முறை தேர்ந்தெடுத்த இடம், மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையில், நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டர் நீர்விளையாட்டுப் பூங்கா. கோபியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்வர இதற்கு மேல் தூரம் கூடாது என்று தாய் சொல்லிவிட்டார்.

சனி, ஞாயிறை விட்டுவிட்டு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டம் குறைந்தால் வரிசையில் நிற்கும் நேரமும் குறையும். பூங்காவில் பிள்ளைகள் வெயிலில் வாடுவது பெரும்பாலும் வரிசையில்தான்.

முந்தின நாளே போன் செய்து நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொண்டார்கள்: எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், கட்டணம் எவ்வளவு, வெளிச் சாப்பாட்டுக்கும் குழந்தை உணவுக்கும் அனுமதி உண்டா, தண்ணீரில் இறங்க என்ன உடை வேண்டும். பல பூங்காக்களில் பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான் போன்ற நீச்சல் உடை கேட்பார்கள். அங்கே போய் வாடகைக்கு எடுப்பதைவிட, ஊரிலேயே வாங்கிக்கொண்டால் அளவும் சரியாக இருக்கும். நிறத்தையும் கவனிக்க வேண்டும். நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. இவர்கள் மகனுக்கு ஆரஞ்சு, மகளுக்கு அடர் சிவப்பு எடுத்தார்கள்.

இன்னொரு வேலையையும் தாய் வீட்டிலேயே முடித்தார். மகனை நிலைக்கதவில் சாய்த்து நிற்கவைத்து, டேப்பால் அளந்து பென்சிலால் கோடு போட்டார். பூங்காக்களில் வயதைவிட உயரத்துக்குத்தான் மதிப்பு. சில சறுக்குகளில் குறிப்பிட்ட உயரம் இல்லாத பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். அது பாதுகாப்புக்கான விதி. கெஞ்சியோ, குதிகாலைத் தூக்கி நிற்கவைத்தோ அதை மீறக் கூடாது. "பெரிய சறுக்கு அக்காவுக்கு. உனக்குக் கோடு இன்னும் மேல போகணும் சாமி" என்று வீட்டிலேயே சொல்லிவிட்டதால், அங்கே போய் அழுகை இல்லை.

தோட்டத்துக்கும் ஏற்பாடு வேண்டுமே! வாழைக்கு முந்தின நாள் மாலையே தண்ணீர் கட்டிவிட்டார்கள். மாடுகளை வேப்பமரத்து நிழலில் கட்டி, தொட்டியை நிரப்பி வைத்தார்கள். மாலைக் கறவையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏற்றுக்கொண்டார். அவர் குடும்பம் வெளியே போகும் நாளில் இவர்கள் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. இந்த ஏற்பாடு இல்லாமல் கிளம்பினால், மனம் முழுக்கக் கறவை நேரத்திலேயே கிடக்கும்.

ஆற்றோடு எதிர்த்திசையில்

அதிகாலை நாலரைக்குக் கறவை முடித்து, ஆறரைக்கு வாடகை வேன் கிளம்பியது. சத்தியமங்கலம், சிறுமுகை வழியாக மேட்டுப்பாளையம். வழி நெடுக அப்பாரு பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். இந்தப் பயணமே பவானி ஆற்றின் எதிர்த்திசையில் போகும் பயணம்தான். நீலகிரியில் பிறக்கும் பவானி, கேரளத்துக்குள் போய்த் திரும்பி வந்து, பில்லூர் அணையைக் கடந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது. சிறுமுகையைத் தாண்டி பவானிசாகர் அணையில் சேர்கிறது. அங்கிருந்து கொடிவேரி அணைக்கட்டுக்கு வந்து, தடப்பள்ளி வாய்க்காலில் பிரிந்து, இவர்கள் வாழைக்கு வருகிறது.

"அப்போ நம்ம தண்ணி இங்கிருந்துதான் வருதுங்களா அப்பாரு?" என்று மகள் ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்டாள். மேட்டுப்பாளையத்தை நெருங்கும்போது இருபுறமும் வாழையும் பாக்குத் தோப்புமாக நிழல் கட்டியிருக்கும். அங்கே மலைக்காற்று கொஞ்சம் தணிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும், மலையடிவாரம் என்பது மலை அல்ல. ஊட்டிக் குளிரை நினைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு வந்தால் ஏமாற்றம்தான். மே மாதப் பகலில் அங்கும் வெயில் சுடவே செய்யும்.

கட்டிக்கொண்டு வந்த இட்லியை வழியிலேயே சாப்பிட்டு முடித்து, கதவு திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றார்கள்.

பதினொன்றரைக்குக் கரையேறு!

காலை நேரத்தில்தான் பிள்ளைகள் ஆசை தீர ஆடினார்கள். மகள் தகப்பனோடு சறுக்குக்குப் போனாள். மகன் தாயோடு முழங்கால் ஆழத் தண்ணீரில். கை நீட்டினால் பிள்ளையைத் தொடுகிற தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட முதல் விதி. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டாது; சத்தமில்லாமல் போய்விடும். ஊழியர்கள் காவலுக்கு நிற்கிறார்கள் என்பதால் பெற்றோர் போனைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. அலைக்குளத்தில் இது இன்னும் முக்கியம்.

இரண்டாவது விதி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்குத் தண்ணீர். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு சீக்கிரம் சூடேறும். தண்ணீரில் நனைந்துகொண்டே இருப்பதால் வியர்ப்பது தெரியாது, தாகமும் தோன்றாது. கேட்கும்போது கொடுக்கலாம் என்று இருந்தால் தாமதமாகிவிடும். இந்தப் பொறுப்பை ஆத்தா எடுத்துக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, கரையிலிருந்து பேரனைக் கூப்பிட்டுக் கொடுத்தார். மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு எதுவும் நல்லதே. கலர் பானம் தண்ணீருக்கு ஈடாகாது.

மூன்றாவது விதி, காலில் செருப்பு. சறுக்குக்குப் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுகிற சிமெண்ட் தரையில் ஓடிய பிள்ளைகள் உள்ளங்கால் கொப்புளத்தோடு வீடு திரும்புவது உண்டு. இவர்கள் மகனைத் தூக்கிக்கொண்டே கடந்தார்கள்.

பதினொன்றரைக்குத் தாய் கரையேறச் சொன்னார். அப்போதுதான் சிக்கல். மகளுக்கு ஆசை தீரவில்லை. தகப்பனுக்கும் பழைய கணக்கு எட்டிப்பார்த்தது. "இன்னும் பாதிகூட முடிக்கலையே!" என்றார். ஆத்தா பேரனின் உதட்டைத் தொட்டுக் காட்டினார், காய்ந்திருந்தது. அவர் அதற்கு மேல் பேசவில்லை.

மூன்றரை மணி வரை நிழல்தான். ஈரத்துணியை மாற்றி, தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டு, துண்டை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்தார்கள். மகன் ஒரு மணி நேரம் தூங்கினான். சுற்றிலும் மற்றவர்கள் வெயிலில் ஓடிக்கொண்டிருக்க, பணம் கட்டிய இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது தகப்பனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றரைக்கு எழுந்த பையன், காலையில் வந்த அதே வேகத்தோடு தண்ணீருக்கு ஓடினான். ஐந்து மணி வரை ஆட்டம். இரண்டு விளையாட்டுகளுக்குப் போக முடியவில்லை. அதைப் பற்றி வீட்டுக்கு வந்த பிறகு யாரும் பேசவே இல்லை.

மாலையில் மலைப்பக்கம் கருத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடை மழை இடியோடு வரும். இடிச்சத்தம் கேட்டால் உடனே தண்ணீரைவிட்டு வெளியேறிக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

அசட்டை செய்யக் கூடாத அடையாளங்கள்

காய்ந்த உதடு, அடர்மஞ்சள் சிறுநீர் அல்லது நான்கைந்து மணி நேரமாகச் சிறுநீரே போகாமை, காரணமில்லாத அழுகை, தலைவலி, வாந்தி, கால் பிடிப்பு. இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிற வேண்டும். ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பொட்டலம். உறையில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக் கரைக்கவும். கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும்.

உடம்பு கொதித்து, பிள்ளை குழப்பமாகப் பேசினாலோ, மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, அது உயிருக்கு ஆபத்து. வாய்வழியே எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்விக்க வேண்டும். காய்ச்சல் மருந்து இந்தச் சூட்டைத் தணிக்காது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தையை இந்த வெயிலில் அழைத்து வராமல் இருப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் நிழலிலேயே வைத்து, அடிக்கடி தாய்ப்பால் கொடுக்க வேண்டும். தூங்கும் பிள்ளையைப் பூட்டிய வண்டியில் ஐந்து நிமிடம்கூட விட்டுப்போகக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் சூடு 10 டிகிரி செல்சியஸ் வரை ஏறிவிடும்.

பாலத்தில் நின்று பார்த்தால் போதும்

திரும்பும் வழியில் பவானியைப் பார்த்ததும் தகப்பனுக்கு ஒரு முங்கு போட ஆசை. அப்பாரு தடுத்துவிட்டார். மேட்டுப்பாளையம் பக்கம் ஆறு அமைதியாகத் தெரியும். ஆனால் மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால், இங்கே மழையே இல்லாமல் திடீரென்று வெள்ளம் ஏறும். குளிக்க இறங்கிய வெளியூர்க்காரர்கள் பலர் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். பூங்காவில் நாள் முழுக்கக் காத்த பிள்ளையை ஆற்றில் இறக்கக் கூடாது.

வண்டியை ஓரமாக நிறுத்தி, கரைமேல் நின்று பார்த்தார்கள். "இந்தத் தண்ணி நம்ம வாழைக்கு எப்பங்க வந்து சேரும்?" என்று மகன் கேட்டான். அணையில் தங்கி, வாய்க்காலில் முறை வரும்போது வரும் என்றார் அப்பாரு. சிறுமுகை தாண்டுவதற்குள் பையன் ஆத்தாவின் மடியில் தூங்கிவிட்டான்.

நிலைக்கதவில் போட்ட பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. அடுத்த மே மாதம் மறுபடி அளப்பதாகத் தாய் சொல்லியிருக்கிறார்.

கிளம்பும் முன் ஒரு பார்வை

* ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, தண்ணீர் பாட்டில்கள், தொப்பி, குடை, மாற்றுத்துணி, துண்டு.
* பிள்ளையின் கையில் அழியாத பேனாவால் பெற்றோரின் போன் எண்.
* தாத்தா பாட்டி வந்தால், அவர்களுடைய சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள். அவர்களுக்கும் உச்சி வெயில் ஆகாது.
* காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.
* மறுநாள் ஊட்டிக்கும் போவதாக இருந்தால், வண்டிக்கு இ-பாஸ் தேவையா என்று பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2024 மே மாதம் முதல் இந்த நடைமுறை உள்ளது.