ரசீது இல்லாத கார்

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாடு போய் கார் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம்னு நினைக்கிறவங்க மட்டுமாவது கடைசி வரைக்கும் படிங்க.

என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், எங்க கோயில்ல பதினோரு வருஷமா அன்னதானக் கவுண்டர்ல உட்கார்றது நான்தான். ரசீது போடாம ஒத்த ரூபாய் வாங்க மாட்டேன். "சாமி காசுக்கு எதுக்குப்பா சீட்டு"ன்னு சொல்லிட்டு நடக்குறவங்களையும் கூப்பிட்டு நிறுத்தி, பேர் கேட்டு, எழுதி, கையில கொடுத்துதான் அனுப்புவேன். பசங்க எனக்கு ‘ரசீது அண்ணன்’னே பேர் வச்சுட்டாங்க. அப்பேர்ப்பட்ட நான் பினாங்குல என்ன பண்ணேன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்க அம்மாவுக்கு 71 வயசு. அவங்க அப்பா இளவயசுல பினாங்கு துறைமுகத்துல வேலை பார்த்தவர். அவர் சொன்ன மாரியம்மன் கோயிலை ஒரு தடவை கண்ணால பார்த்துடணும்னு அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. போன செப்டம்பர்ல சென்னையிலிருந்து விமானம் ஏறினோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ், டாக்ஸின்னு ஏறி இறங்க வைக்க வேண்டாம், மூணு நாளைக்கு ஒரு கார் எடுத்துடலாம்னு முடிவு பண்ணேன்.

கிளம்பும்போது எல்லாத்தையும் ஒழுங்காத்தான் செஞ்சேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் படிவம் 4ஏ கொடுத்து, 1000 ரூபாய் கட்டி, சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் வாங்கினேன். ஒரு வருஷத்துக்குச் செல்லும். 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில இந்தியாவும் இருக்கு, மலேசியாவும் இருக்கு. அதனால நம்ம அனுமதி அங்க செல்லும். ஆனா அந்தப் புத்தகம் மட்டும் போதாது, நம்மூர் லைசென்ஸும் கையில இருக்கணும்.

தப்பு நடந்தது கார் பிடிக்கிற இடத்துல. முறையான கடையில நாளுக்கு 150 ரிங்கிட் கேட்டாங்க. அதுக்கு மேல முன்பணம், கிரெடிட் கார்டு, நாலு பக்க ஒப்பந்தம். அப்போ தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவர் ஒருத்தரோட நம்பர் கிடைச்சுது. தன்னோட சொந்தக் காரை நாளுக்கு 90 ரிங்கிட்டுக்குத் தர்றேன்னார். 300 ரிங்கிட் முன்பணம். "பேப்பர் எல்லாம் எதுக்கு சார், நம்ம ஆளுங்கதானே"ன்னார். ஏர்போர்ட்டுக்கே காரைக் கொண்டு வந்து சாவியைக் கொடுத்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கலை.

மூணு நாளைக்கு 180 ரிங்கிட் மிச்சம்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டேன்.

ஓட்டுறது சுலபமாத்தான் இருந்துச்சு. நம்மூர் மாதிரியே இடது பக்கம். ஸ்டியரிங் வலது பக்கம். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து கடலோரமா லிம் சோங் யூ விரைவுச்சாலை. வலது பக்கம் பினாங்குப் பாலம் நீண்டு தெரியும். யாரும் ஹாரன் அடிக்கிறதில்லை. ஆட்டோமேடிக் கியர்ங்கறதால முதல் அரை மணி நேரம் இடது கால் கிளட்சைத் தேடிச்சு, அப்புறம் அடங்கிடுச்சு. ‘இது நம்ம ஊர் மாதிரிதான்’னு தோணிச்சு. அப்படித் தோணினது நல்லதுக்கில்லைன்னு மறுநாள் தெரிஞ்சுது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாரியம்மன் கோயில் நடை சாத்துறதுக்குள்ள போயிடணும்னு கிளம்பினோம். கோயில் குயின் தெருவுல இருக்கு, 1833இல் கட்டினது. அதுக்கு இணையா ஓடுறதுதான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. அந்தச் சாலையைப் பத்தி ரெண்டு வரி சொல்லணும். வடக்கு முனையில 1818இல் கட்டின செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், கொஞ்சம் தள்ளி குவான் யின் சீனக் கோயில், சூலியா தெருவைத் தாண்டினா கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நம்ம தமிழ் முஸ்லிம் வணிகர், அந்நாளைய சமூகத் தலைவர் காதர் மொகிதீன் 1801இல் நிறுவினது. அவருக்கு இருந்த பட்டம்தான் கப்பித்தான் கெலிங். அந்தப் பேர்தான் சாலைக்கும். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல ஜார்ஜ் டவுன் சேர்ந்ததுல இந்தத் தெருக்களும் உண்டு.

பாரம்பரியத் தெருன்னா என்ன அர்த்தம்? கார் இல்லாத காலத்துல போட்ட தெரு. குறுகலு, ஒருவழிப் பாதை, நிறுத்த இடம் கிடையாது. அன்னிக்கு ஜும்மா வேற. தொழுகைக்கு வர்ற கூட்டம் சேர ஆரம்பிச்சிருந்தது. நாலு சுத்து சுத்தினேன். அம்மா, "நடை சாத்திடுவாங்கடா, நடை சாத்திடுவாங்கடா"ன்னு சொல்லிட்டே வந்தாங்க. அஞ்சாவது சுத்துல பள்ளிவாசல் பக்கமா ஒரு இடம் காலியாச்சு. சட்டுனு ஓரம் கட்டினேன். இன்ஜினை அணைச்சேன். கதவைத் திறந்தேன்.

கண்ணாடியைப் பார்க்கலை.

படார்னு ஒரு சத்தம். பின்னாடி வந்த மோட்டார் சைக்கிள் என் கதவுல மோதி, பையன் தெறிச்சு விழுந்தான். மலாய்ப் பையன், இருபது இருக்கும். வண்டியில சாப்பாடு டெலிவரி பண்ற பெட்டி. முழங்கால் கிழிஞ்சு ரத்தம். எனக்குக் கை கால் ஓடலை. அம்மாதான் முதல்ல இறங்கி, தண்ணி பாட்டிலைத் திறந்து அவன் காலைக் கழுவினாங்க.

எதிர்ல பணம் மாத்துற கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தொப்பி, கைலி. "தம்பி, காடிய நகட்டாதீங்க. முதல்ல படம் எடுங்க, நாலு பக்கமும்"னு தமிழ்ல சொன்னார். (அங்க காருக்கு ‘காடி’ன்னுதான் சொல்றாங்க.) அவரோட வாப்பா கடையநல்லூர்க்காரராம். பையன்கிட்ட மலாய்ல பேசி, தன் கடைப்பையனைக் கூட அனுப்பி ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டார். அம்மாவைக் கடைக்குள்ள உட்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் காரோட சொந்தக்காரருக்கு போன் போட்டேன். அடிபட்ட பையன் எப்படி இருக்கான்னு அவர் கேட்கலை. "போலீஸ் கேட்டா என் சொந்தக்காரர், சும்மா ஓட்டக் கொடுத்தேன்னு சொல்லுங்க. வாடகைன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. இன்சூரன்ஸ் போயிடும்"னார்.

அப்பதான் எனக்கு முழு விஷயமும் புரிஞ்சுது. மலேசியாவுல காரை வாடகைக்கு விடுற தொழிலுக்குத் தனி உரிமம் வேணும். தனியார் காருக்கு எடுக்கிற காப்பீட்டுல, வாடகைக்கு விட்டா செல்லாதுன்னு ஷரத்து இருக்கும். நம்மூர்லயும் இதே கதைதான். நாமே ஓட்டுற வாடகைக் காருக்குக் கருப்புப் பலகையில மஞ்சள் எழுத்துன்னு சட்டம் வச்சிருக்கிறது அதுக்குத்தான். இங்க வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு எடுக்க நாலு தடவை யோசிக்கிறவன், அங்க போய் யோசிக்கலை.

உண்மையைச் சொல்றேன். அந்த நேரத்துல எனக்கு ரெண்டு யோசனை வந்துச்சு. ஒண்ணு, பையன் கையில நூறு இருநூறு கொடுத்துட்டுக் கிளம்பிடலாம். ரெண்டு, அவர் சொன்ன பொய்யைச் சொல்லிடலாம். சின்னப் பொய்தானே. ரெண்டு நாள்ல ஊருக்குப் போயிடப் போறேன்.

பாய்கிட்ட மறைக்காம சொன்னேன். அவர் திட்டலை, புத்திமதியும் சொல்லலை. "24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணணும் தம்பி, அது சட்டம். ரிப்போர்ட் இல்லேன்னா அந்தப் பையன் எங்க போயும் எதுவும் கேட்க முடியாது. என்ன சொல்லணும்கிறது உங்க இஷ்டம். நீங்க ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருவீங்க. அவன் இங்கதான் வண்டி ஓட்டணும்"னார். அப்புறம், "நான் தொழுதுட்டு வந்துர்றேன். எங்கயும் போயிராதீங்க"ன்னு பள்ளிவாசலுக்குள்ள போனார்.

அந்த முக்கால் மணி நேரம் கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ல மனாரா. பின்னாடி ரெண்டு தெரு தள்ளி, நாங்க பார்க்க வந்த கோயில் நடை சாத்தியிருப்பாங்க. அம்மா ஒரு வார்த்தை பேசலை. கடைசியா, "நீ கவுண்டர்ல உட்கார்ந்து அத்தனை பேரைப் பிடிச்சு நிறுத்துவியேடா"ன்னாங்க. அவ்வளவுதான்.

பாய் வந்தார். சொன்ன மாதிரியே கூட வந்தார். போலீஸ் ஸ்டேஷன்ல அதிகாரி "கெரேத்தா சியாப்பா?"ன்னார். யார் கார்னு கேட்கிறார்னு பாய் சொன்னார். "வாடகைக்கு எடுத்தேன். உரிமம் இருக்கான்னு விசாரிக்கலை. கதவைத் திறக்கும்போது பின்னாடி பார்க்கலை, தப்பு என்னுது"ன்னு சொன்னேன். பாய் அப்படியே மலாய்ல சொன்னார், அவர் அப்படியே டைப் பண்ணினார். மனசு லேசாயிடுச்சுன்னெல்லாம் சொல்ல மாட்டேன். பயமாத்தான் இருந்துச்சு.

கணக்கு இது: அபராதம் 300 ரிங்கிட். பையனோட வண்டி ரிப்பேர் 620. நாலு தையல், பத்து நாள் வேலைக்குப் போக முடியாதுன்னதால அவனுக்கு 400. கார்க் கதவுக்கு 900, அதுல 300 என் முன்பணத்திலிருந்து. மொத்தம் 2220 ரிங்கிட். நம்ம பணத்துல நாப்பதாயிரத்துக்கு மேல. மிச்சம் பிடிச்சது 180.

காரோட சொந்தக்காரர் அதுக்கப்புறம் என் போனை எடுக்கலை. மெக்கானிக் கடையில மட்டும் மறக்காம ரசீது வாங்கிட்டு வந்தேன்.

அம்மா சனிக்கிழமை காலையில கோயிலுக்குப் போனாங்க. தங்கியிருந்த இடத்திலிருந்து மெதுவா நடந்தே போனோம், நடுவுல ரெண்டு இடத்துல உட்கார்ந்து. இருபது நிமிஷம்தான் ஆச்சு. கார் தேவையே இல்லை.

போறவங்களுக்காக நான் கத்துக்கிட்டது:

1. கடையோட பேர், முகவரி, உங்க பேர் மூணும் அச்சடிச்ச ஒப்பந்தத்துல இருக்கணும். குடும்பத்துல இன்னொருத்தர் ஓட்டுவார்னா அவர் பேரும் வேணும். பேர் இல்லாதவர் ஓட்டினா காப்பீடு கிடைக்காமப் போகலாம்.

2. விபத்துன்னா முதல் எவ்வளவு தொகை நம்ம தலையிலன்னு கேளுங்க. ‘எக்ஸஸ்’னு சொல்வாங்க. இன்சூரன்ஸ் இருக்குன்னு சொன்னா அதோட நிறுத்திடாதீங்க.

3. சாவி வாங்கின உடனே காரைச் சுத்தி வீடியோ எடுங்க. பழைய கீறல் எல்லாம் தெரியணும். திருப்பிக் கொடுக்கும்போதும் எடுங்க.

4. பலகைகள் மலாய்ல இருக்கும். பெர்ஹெந்தி - நில். பெரி லாலுவான் - வழி விடு. செஹாலா - ஒருவழி. அவாஸ் - கவனம். கெலுவார் - வெளியேறும் வழி. இந்த அஞ்சும் மனப்பாடமா இருக்கட்டும்.

5. விரைவுச்சாலையில பொதுவா 110, மத்த பெரிய சாலையில 90 கிலோமீட்டர்தான் உச்சம். பின் சீட்டுக்காரங்களும் பெல்ட் போடணும், 2009லிருந்தே சட்டம்.

6. சுங்கச்சாவடிக்கு டச் அண்ட் கோ அட்டை வேணும். காரோட வருதா, அதுல பணம் இருக்கான்னு பாருங்க. 1985இல் திறந்த பினாங்குப் பாலத்துல, பெருநிலத்திலிருந்து தீவுக்கு வரும்போதுதான் கட்டணம், போகும்போது கிடையாது.

7. ஜார்ஜ் டவுன் பழைய தெருக்களுக்கு கார் வேண்டாம். தங்குற இடத்துல விட்டுட்டு நடங்க. வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் பக்கம் சுத்தவே சுத்தாதீங்க.

8. ஓட்டுநர் கதவை இடது கையால திறங்க. வலது கதவுக்கு இடது கையை நீட்டினா உடம்பு தானா திரும்பும், கண்ணு பின்னாடி பார்க்கும். சைக்கிள் அதிகம் ஓடுற நெதர்லாந்துல இந்தப் பழக்கம் இருக்கு. பிரிட்டன் 2022இல் தன்னோட சாலை விதிப் புத்தகத்துலயே சேர்த்துடுச்சு. மதுரையிலயும் இப்போ நான் இப்படித்தான் திறக்கிறேன்.

9. விபத்துன்னா முதல்ல அடிபட்டவரைப் பாருங்க. அவசர எண் 999. படம் எடுங்க. 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ரிப்போர்ட். மொழி தெரியலேன்னா அக்கம்பக்கத்துல தமிழ் பேசுறவங்களைக் கேளுங்க, பினாங்குல நிச்சயம் இருப்பாங்க.

ஊருக்கு வந்து மூணு வாரம் கழிச்சு அந்தப் பையன் வாட்ஸாப்புல ஒரு படம் அனுப்பினான். ரிப்பேர் பண்ண வண்டி மேல உட்கார்ந்திருக்கான், பின்னாடி டெலிவரி பெட்டி. அம்மாகிட்ட காட்டினேன். "கால் எப்படி இருக்குன்னு கேளு"ன்னாங்க. கேட்டேன். "ஓகே சுடா"ன்னு பதில் வந்துச்சு. சரியாயிடுச்சுன்னு அர்த்தமாம், பாய்கிட்ட போன் போட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

டிசம்பர் லீவுக்கு மலேசியா போறவங்க நிறையப் பேர் இருக்கீங்கன்னு தெரியும். சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன். போறதுக்கு முன்னாடி அனுமதிப் புத்தகத்தை வாங்கிடுங்க. காருக்கு ரசீது வாங்கிடுங்க.