வீட்டு வரிசைகளுக்கு மேலே ஒரு கோட்டை

வேல்ஸின் தலைநகரான கார்டிஃபின் மேற்கு ஓரத்தில் ஈலி, கைரை என்று இரண்டு புறநகர்கள் ஒட்டிக்கிடக்கின்றன. 25,000 பேருக்கு மேல் வாழும் இந்தப் பகுதியில், மாநகராட்சி கட்டிக்கொடுத்த வீடுகளின் வரிசை முடிகிற இடத்தில் மரங்கள் அடர்ந்த ஒரு குன்று எழுகிறது. அதன் தலையில் ஏறத்தாழ 5 ஹெக்டேர் பரப்பில், முக்கோண வடிவில், இரும்புக் காலத்து மண்கோட்டை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி அடுக்கடுக்கான மண்மதில்களும் அகழிகளும் உள்ளன. வடகிழக்கு மூலையில் நார்மானியர் காலத்து வட்டமான மண் அரண் ஒன்றும், அதன் பக்கத்தில் கூரை இழந்து நிற்கும் 13ஆம் நூற்றாண்டின் தூய மரியாள் ஆலயமும் இருக்கின்றன. தெற்குச் சரிவை ஒட்டி நெடுஞ்சாலை இரைந்துகொண்டே ஓடுகிறது. தெற்கு வேல்ஸின் பெரிய குன்றுக்கோட்டைகளில் ஒன்றான இதைப் பற்றி, அடிவாரத்தில் குடியிருப்பவர்களைத் தாண்டி அண்மைக்காலம் வரை அதிகம் பேருக்குத் தெரியாது. சுற்றியுள்ள ஏழைக் குடியிருப்பால்தான் இந்தச் சின்னம் சீரழிந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். என் முடிவு இதற்கு நேர்மாறானது. அந்தக் குடியிருப்பைப் பற்றி வெளியார் வைத்திருந்த தாழ்ந்த எண்ணமே கோட்டையை மறைத்தது. அதை மீட்டதில் பெரும்பங்கு அங்கே வாழும் மக்களுடையது.

ஈலியின் இன்றைய உருவம் முதல் உலகப்போருக்குப் பிந்தையது. போரிலிருந்து திரும்பியவர்களுக்குத் தகுந்த வீடு வேண்டும் என்ற கோரிக்கையிலிருந்து 1919இல் வீட்டுவசதிச் சட்டம் பிறந்தது. 1922இல் ஈலி கார்டிஃபோடு இணைக்கப்பட்டது. நெருக்கடியான நகரத் தெருக்களில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள், முன்னும் பின்னும் தோட்டம் வைத்த வீடுகளுக்கு வந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கைரைக் குன்றின் அடிவாரம் வரை வீடுகள் ஏறின. காகித ஆலையும் மதுபான ஆலையும் ஜாம் தொழிற்சாலையும் இங்கே வேலை கொடுத்தன. அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது வறுமை தங்கிவிட்டது. 1991இல் ஒரு கடைத் தகராறிலிருந்து வெடித்த கலவரத்தைச் செய்தியாளர்கள் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். அதன்பின் ஈலி என்றாலே வெளியாருக்குக் கலவரம்தான் நினைவுக்கு வந்தது. பிரச்சினைகளால் மட்டுமே அறியப்பட்ட ஊரில் பழமையைத் தேட யாருக்குத் தோன்றும்?

தேடியவர்கள் இல்லாமல் இல்லை. அரிக்கமேட்டு அகழாய்வின் வழியாகத் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த மார்டிமர் வீலர், அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே, வேல்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய காலத்தில், 1922இல் ஈலியின் குதிரைப்பந்தயத் திடலுக்குள் கிடந்த ரோமானிய மாளிகையைத் தோண்டினார். அந்தத் திடல் இன்று ட்ரெலாய் பூங்கா. ஆனால் கைரைக் குன்றின்மேல் பெரிய ஆய்வு எதுவும் நடக்க மேலும் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன. கார்டிஃப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் வட்டாரச் சமூக அமைப்பும் பள்ளிகளும் சேர்ந்து 2011இல் கைரை மரபுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2012இல் தொல்லியல் தொலைக்காட்சி நிகழ்ச்சியான டைம் டீமின் குழு வந்து தோண்டிப் பார்த்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பள்ளிப் பிள்ளைகளும் வேலை இழந்தவர்களும் ஓய்வுபெற்றவர்களுமாக நூற்றுக்கணக்கான உள்ளூர்க்காரர்கள் குழியில் இறங்கினார்கள். வட்ட வீடுகளின் தடங்களும் இரும்புக் காலத்துப் பானையோடுகளும் கிடைத்தன. ரோமானியர் காலத்திலும் அங்கே மக்கள் இருந்தது தெரிந்தது. 2014இல் கிடைத்த சான்று எல்லாவற்றையும் விஞ்சியது. கோட்டைக்கும் முந்தைய அகழிகள் வெளிப்பட்டன. இடையிடையே வழி விட்டு, தொடர்பில்லாத துண்டுகளாக வெட்டப்பட்ட அவை கி.மு. 3600ஐ ஒட்டிய புதிய கற்காலத்தவை. சிதறி வாழ்ந்த வேளாண் குடிகள் குறிப்பிட்ட காலங்களில் ஒன்றுகூட இத்தகைய வளாகங்களை அமைத்ததாகத் தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள். வேல்ஸில் இவை மிக அரியவை. கார்டிஃபின் வரலாறு ரோமானியர் கோட்டையோடு தொடங்குகிறது என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அதற்கும் மூன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சான்றை எடுத்துத் தந்தவர்களில், நகரம் ஒதுக்கிவைத்த புறநகரின் மக்களும் இருந்தார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இன்றைய ஈலிக்காரர்களுக்கும் கோட்டையைக் கட்டியவர்களுக்கும் என்ன உறவு? இவர்களின் பாட்டன்மார் 1920களில்தானே இங்கே குடியேறினார்கள்? கேள்வி சரியானதுதான். இரத்த உறவைக் காட்டி உரிமை கொண்டாடினால் அது பொய்யாகிவிடும். ஆனால் அந்த அளவுகோலைக் குன்றின் முந்தைய வரலாற்றுக்கும் வைத்துப் பாருங்கள். புதிய கற்காலக் கூட்டங்கள் கலைந்து ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் கழித்துத்தான் இரும்புக் காலத்தவர் அங்கே மண்மதில் எழுப்பினார்கள். நார்மானியர்களும் வெளியிலிருந்து வந்தவர்களே. ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவர்கள் அந்த மேட்டைத் தமதாக்கிக்கொண்டார்கள். அதே வழியில் மாநகராட்சி வீட்டுக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. நூறாண்டுகளாகக் குன்றின் நிழலில் பிள்ளை வளர்த்தவர்களைவிட நெருக்கமான வாரிசு அதற்கு இன்று யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது மறுப்பு தூய மரியாள் ஆலயத்தைச் சுட்டிக்காட்டும். சுவரில் கிறுக்கியதும் கல்லறைக் கற்களை உடைத்ததும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தானே என்பார்கள். சேதம் நடந்தது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. எப்போது நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை பாழடைந்த அந்த ஆலயத்தை 1960ஐ ஒட்டிக் குருவானவரும் சபையாரும் சேர்ந்து சீர்செய்தார்கள். 1970களில் வழிபாடு நின்று, கவனிப்பாரற்றுப் போன பிறகே அழிவு வேகமெடுத்தது. அகழாய்வு தொடங்கிய பின்னர் புதரை வெட்டிப் பாதையைச் செப்பனிட்டவர்கள் யார்? அதே ஊர்க்காரர்கள்தான். பொறுப்பைக் கொடுத்தபோது காத்தவர்கள், கதவை அடைத்தபோது கைவிட்டார்கள். வேலி போட்டு ஆட்களை விலக்குவதே பாதுகாப்பு என்று நம்பும் அதிகாரிகள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள். கைரையின் சான்று அவர்களுக்கு எதிராக நிற்கிறது.

மூன்றாவது மறுப்பை லேசாகத் தள்ளிவிட முடியாது. வேலையும் நல்ல வருமானமும் கேட்கும் மக்களுக்குப் பானையோட்டைக் காட்டுவது என்ன நியாயம்? தொல்லியல் வறுமையைத் தீர்க்காது. மூடிய ஆலையைத் திறக்கும் வல்லமை எந்த அகழ்குழிக்கும் இல்லை. அப்படிச் சொல்லி நிதி வாங்குவது மக்களை ஏமாற்றுவதாகும். ஆயினும் ஓர் ஊரைப் பற்றிய பேச்சு அங்கே வளரும் பிள்ளைகளின் வாய்ப்புகளைத் தொடவே செய்கிறது. முகவரியைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் நகரத்தில், அதே முகவரிக்குப் பல்கலைக்கழகம் தேடிவருவது சின்ன விஷயமல்ல. கோட்டையோடு அது நின்றுவிடவும் இல்லை. 2022இல் ட்ரெலாய் பூங்காவில் நடந்த சமூக அகழ்வில், கி.மு. 1500ஐ ஒட்டிய வெண்கலக் கால வட்ட வீடு ஒன்று வெளிப்பட்டது. மரபுப் பணிகளுக்கு உதவும் தேசிய லாட்டரி நிதியின் துணையோடு, குன்றடியில் கிடந்த பழைய சுவிசேஷ மண்டபம் மரபு மையமாக மாறியிருக்கிறது.

கார்டிஃபுக்குப் போகிறவர்கள் நகர நடுவிலுள்ள அரண்மனைக் கோட்டையைத் தவறாமல் பார்க்கிறார்கள். அதன் அலங்கார அறைகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் பியூட் பிரபுவின் செல்வத்தில் கட்டடக் கலைஞர் வில்லியம் பர்ஜஸ் உருவாக்கிய கற்பனை. அழகானவைதான், பாருங்கள். பார்த்துவிட்டு மேற்கே சில கிலோமீட்டர் சென்று கைரைக் குன்றின்மேலும் ஏறுங்கள். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.