எலிசபெத்தின் அப்பா யார்?

பேத்தியின் வம்சாவளியை எழுதித் தரும்படி மகள் கேட்டாள். மருமகன் மாசசூசெட்ஸ்காரர். சம்பந்தியம்மா தம் தாத்தாவின் பழைய நோட்டுப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அதன்படி அவர்கள், 1620ல் மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்டின் வழி. அவர் மனைவி எலிசபெத், பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் கார்வரின் மகளாம். அதில் சம்பந்தியம்மாவுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஹவ்லண்ட் கார்வரிடம் வேலைக்காரராக வந்தவர். வழியில் புயலில் கடலில் விழுந்து, தொங்கிய பாய்க்கயிற்றைப் பிடித்துப் பிழைத்தார். கயிறு நழுவியிருந்தால் இரண்டு புஷ் அதிபர்களும் இல்லை, என் பேத்தியும் இல்லை!

நான் சிக்கிக்கொண்டது மனைவியிடம். 102 பயணிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். ஜான் டில்லியும் மனைவி ஜோனும் அவர்களில் அடக்கம். தனியாக நின்ற அவர்கள் மகளுக்கு வயது 13. அவள்தான் எலிசபெத். பின்னால் வந்தவர்கள் அவளைக் கார்வரின் மகளாக்கிவிட்டார்கள்.

ஆளுநர் பிராட்ஃபோர்ட் கைப்பட எழுதிய வரலாற்றில், யார் யாரை மணந்தார், எத்தனை பிள்ளைகள் என்ற பட்டியலே உண்டு. ஆனால் அந்தப் பிரதி பாஸ்டனிலிருந்து காணாமல் போய், லண்டன் பிஷப்பின் நூலகத்தில் கிடந்தது. 1856ல் அது முழுதாக அச்சேறியபோதுதான் உண்மை வெளிவந்தது: ஹவ்லண்ட் மணந்தது டில்லியின் மகளை. பிள்ளைகள் பத்து. இங்கிலாந்தில் ஹென்லோ ஊர்த் தேவாலயப் பதிவேட்டிலும், 1607ல் அவளுக்கு ஞானஸ்நானம் நடந்த குறிப்பு இருக்கிறது. நோட்டுப் புத்தகம் மட்டும் திருந்தவில்லை.

சம்பந்தியம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். ஆளுநர் உறவைப் பறிக்கிறோமே! கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "பாவம், அந்தப் பெண்ணின் அப்பா அம்மாவை இத்தனை நாள் மறந்தே போனோமா?" என்றார்.

மேஃபிளவர் வழித்தோன்றல் சங்கம் தலைமுறைக்குத் தலைமுறை பிறப்பு, திருமண, இறப்புச் சான்று கேட்கிறது. முதல் ஐந்து தலைமுறைகளை அவர்களே ஆராய்ந்து நூல்களாக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நம் பாடு. மூன்று மாதம் ஆயிற்று.

முடித்து அனுப்பியதும் சம்பந்தியம்மா கேட்டார், "உங்கள் பக்கம்?"

என் அம்மாவின் அம்மா வரை எழுதினேன். அவர் அப்பா பெயருக்கான கட்டம் காலியாக இருக்கிறது. தைப்பிங்கில் சின்னம்மாவுக்கு 91 வயது. காது சரியாகக் கேட்காது, போனில் பேச முடியாது. அடுத்த சனிக்கிழமை பஸ் டிக்கெட் எடுத்திருக்கிறேன்.