தண்ணீர் ஊற்றினால் போதுமா?

மோட்டார் வண்டியைப் பற்றி எழுத ரயில்வே பார்சல் அலுவலகக் குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று நேயர்கள் கேட்கலாம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். இயந்திர நூல் எதையும் கற்றவனல்லன். ஆயினும், கொதித்துப்போன எஞ்சின் ஒன்றின் முன்னால், மலைப் பாதையில், வயது முதிர்ந்த தாயாரோடு செய்வதறியாது நின்ற அநுபவம் எனக்கு உண்டு. அன்று நான் செய்த பிழைகளும் பின்னர்க் கற்ற பாடங்களும், பழைய கார் வைத்திருக்கும் நம் சங்கக் குடும்பங்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணியே இதை எழுதத் துணிந்தேன்.

எங்களிடம் இருப்பது 2003-ஆம் ஆண்டு மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன அந்தச் சிறு காரை அறியாதவர் நம்மில் இரார். மூன்று சிலிண்டர்கள் கொண்ட 796 சி.சி. எஞ்சின். என் தகப்பனார் 2009-இல் அதைப் பழைய வண்டியாகவே வாங்கினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாண் நகருக்கு உத்தியோகத்தின் பொருட்டு வந்து, ஆயுள் முழுதும் சிக்கனமாக வாழ்ந்த அவர் செய்துகொண்ட ஒரே ஆடம்பரம் அது. 2013 மே மாதத்தில், பணியில் இருக்கும்போதே அவர் மாரடைப்பால் காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. காரும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

2023 மே மாதத்தில் அவருடைய திதியைத் திரியம்பகேசுவரத்தில் நடத்த வேண்டுமென்று தாயார் விரும்பினார். "அவர் வாங்கின வண்டியிலேயே போய்விட்டு வருவோமே" என்றும் சொன்னார். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும்; ஏனெனில் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே அந்த வண்டியின் வெப்பமானி முள், நடுவில் நிற்காமல் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. நாள்தோறும் காலையில் ரேடியேட்டரில் அரைக் குவளை தண்ணீர் குறைந்திருக்கும். குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புவேன், முள் இறங்கும், மனமும் அடங்கும். இதை என் மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை விற்றுவிடச் சொல்வாள் என்ற பயம். பின்பெட்டியில் நான்கு தண்ணீர்ப் புட்டிகளை ஒளித்து வைத்துக்கொண்டு பிரயாணம் கிளம்பினேன்.

கல்யாணிலிருந்து கசாரா வரையில் தொல்லை இல்லை. அதற்கப்பால் மலை ஏற்றம். அங்கே இருப்புப்பாதை 37 அடிக்கு 1 அடி உயர்கிறது. கசாராவில் ரயிலுக்குப் பின்னால் துணை எஞ்சின்களைக் கோத்து, இகத்புரி வரையில் தள்ளிக்கொண்டு போவார்கள். ரயிலுக்கே துணை தேவைப்படும் அம்மலையில், சாலையில் லாரிகளின் பின்னால் எங்கள் வண்டி முதல் கியரில் ஊர்ந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அடுத்த வளைவில் பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெண்மையான ஆவி சீறிக்கொண்டு வந்தது.

வண்டியை ஓரம் கட்டினேன். வழக்கமான வைத்தியம் நினைவுக்கு வரவே, புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். பின்னால் நின்ற லாரியிலிருந்து ஓட்டுநர் ஒருவர் குதித்து ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "ஹாத் மத் லகாவ்!" என்று அவர் கத்தியது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. அவர் அன்று தடுத்திராவிட்டால் என் முகம் வெந்திருக்கும்.

காரணத்தைப் பின்னர்த்தான் அறிந்தேன். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியோ சாதாரண மூடியன்று. உள்ளே வில் வைத்து, அழுத்தத்தைத் தேக்கி வைப்பது. 0.9 என்று பொறித்த மூடி சரியாக அடைத்திருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் சுமார் 118 டிகிரி வரையில் கொதிக்காமல் இருக்கும். அந்த மூடியைத் திடீரென்று திறந்தால் அழுத்தம் போய்விடுகிறது. அடங்கியிருந்த தண்ணீர் அனைத்தும் அக்கணமே கொதித்து மேலே பாய்கிறது. அன்றியும், காய்ந்துபோன எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் காணவும் கூடும்.

முக்கால் மணி நேரம் மர நிழலில் காத்திருந்தோம். நான் என் பிழையை அப்போது தாயாரிடம் சொன்னேன். இரண்டு மாதமாகத் தண்ணீர் ஊற்றிச் சமாளித்து வந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. சிறிது நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கப்பாவும் இப்படித்தான். நெஞ்சு எரியுதுன்னு மூணு மாசம் சோடா குடிச்சுக் குடிச்சே சமாளிச்சார். எங்கிட்டேகூடச் சொல்லலை" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

எஞ்சின் ஆறியபின் நீர் நிரப்பி, மேலே ஏறாமல் இறக்கத்திலேயே திரும்பினோம். மாலைக் குளிர்ச்சியில் வண்டி ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் அதிகாலை ரயிலில் நாசிக் சென்று, திதியைக் குறைவின்றி முடித்தோம்.

அதன்பின் வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும், 14,000 ரூபாய் ஆகும். இதற்குச் செலவு செய்வதைவிடக் கழித்துவிடுவது மேல்" என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவுச் சான்றிதழையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. செலவுக்கு மேல் செலவு. விற்றுவிடுவதென்றே முடிவு செய்துவிட்டேன். தாயார் ஒன்றும் சொல்லவில்லை; வண்டியின் மேல் கிடந்த தூசியை மட்டும் அன்று மாலை துடைத்து வைத்தார்.

அச்சமயம் எங்கள் குடியிருப்பில், கல்யாண் டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். தகப்பனாரின் நண்பர், நான் பெரியப்பா என்று அழைப்பவர். விஷயத்தைக் கேட்டதும், "ஏ தம்பி, அவர் எதை வைத்து கேஸ்கெட் என்றார்?" என்று வினவினார். எனக்குத் தெரியவில்லை. "நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்லு. முள் எப்போது ஏறுகிறது? வண்டி ஓடும்போதா, நிற்கும்போதா?"

அந்தக் கேள்வியை நான் அதுவரையில் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் ஓடும்போது முள் ஏறுவதில்லை. சிக்னலிலும் கேட்டிலும் நிற்கும்போதுதான் ஏறுகிறது. மலையிலும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபோதுதான் ஏறிற்று.

"அப்படியானால் முதலில் விசிறியைப் பார்" என்றார். வேகமாக ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே போதும். அது ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும் வண்டிக்கு மின்விசிறிதான் காற்று. மாறாக, ஓடும்போதும் ஏற்றத்தில் இழுக்கும்போதும் மட்டும் சூடு ஏறினால், ரேடியேட்டரின் உட்குழாய்களில் துரு அடைத்திருக்கலாம். தண்ணீர்ப் பம்போ அதன் பெல்ட்டோ தளர்ந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி நோய் தெரிந்துவிடுகிறது.

அடுத்து அவர் கேஸ்கெட்டைச் சோதித்தார். எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார், எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் பால் காப்பியின் நிறம் தெரியும், அது இல்லை. ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்துத் தொடக்கச் சொன்னார், எரிவாயு தண்ணீருக்குள் கசிந்தால் குமிழிகள் இடைவிடாமல் எழும், அதுவும் இல்லை. புகைக்குழாயில் வெண்புகை தொடர்ந்து வரவுமில்லை. "மூன்று சாட்சியும் கேஸ்கெட் குற்றவாளி இல்லை என்கின்றன" என்றார்.

பின்னர் மூடியை அடைத்து எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டோம். தொடக்கிய சிறிது நேரத்திலேயே மேற்குழாய் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாயிற்று. தெர்மோஸ்டாட் இருந்தால் தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் காயும் வரையில் அக்குழாய் குளிர்ந்தே கிடந்து, பிறகு சட்டென்று சுடும். எனவே உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. முன்பு யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். முள் முக்காலைத் தாண்டியது, விசிறி சுழலவில்லை. எஞ்சினை நிறுத்தி, விசிறிக்குப் பாட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்தார், விர்ரென்று சுழன்றது. ஃபியூஸும் நன்றாகவே இருந்தது. வெப்பம் ஏறியதும் விசிறியை ஓட்ட வேண்டிய சிறிய சுவிட்ச்தான் செத்துக் கிடந்தது.

தண்ணீர் குறைந்ததற்குக் காரணம் மூடி. அதன் ரப்பர் கல்லாக இறுகி வெடித்திருந்தது. அழுத்தம் நில்லாமையால் தண்ணீர் முன்னதாகவே கொதித்து, பக்கத்துப் புட்டி வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது.

புதிய சுவிட்ச், மூடி, தெர்மோஸ்டாட், ஒரு புட்டி கூலண்ட் ஆகிய நான்கும் சேர்ந்து 1,200 ரூபாய்க்குள் அடங்கின. ரேடியேட்டரைக் கழுவியபோது செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. நான் இரண்டு மாதம் ஊற்றிய குழாய்த் தண்ணீரின் கைங்கரியம் அது. கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதி கலந்து ஊற்றினோம். அக்கலவை துருவைத் தடுப்பதோடு, வெறும் தண்ணீரைவிடச் சற்று அதிக வெப்பத்தில்தான் கொதிக்கும்.

கையைக் கழுவிக்கொண்டே பெரியப்பா ஒன்று சொன்னார்: "எங்கள் டீசல் எஞ்சினில் சூடு ஏறினால் மணி அடிக்கும், தண்ணீர் குறைந்தால் எஞ்சின் தானாகவே நின்றுவிடும். உன் காரில் அதெல்லாம் இல்லை. அந்த வேலைக்கு நீதான் இருக்கிறாய். முள் மேலே போனால் 'ஏன்' என்று கேள். தண்ணீரை ஊற்றி அதன் வாயை அடைக்காதே."

நேயர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுவே. முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டர் உள்ள வண்டியானால் அதை முழுதும் திறந்துவிடுங்கள், அதுவும் ஒரு சிறு ரேடியேட்டராக வேலை செய்யும். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "இன்னும் இரண்டு மைல்தானே" என்று ஓட்டாதீர்கள்; எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம், கோணிவிட்டால் இல்லாத கேஸ்கெட் நோயும் வந்து சேரும். அரை மணிக்குக் குறையாமல் ஆறவிட்டு, கையில் தொட்டுச் சுடவில்லை என்று கண்டபின், கனத்த துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருகுங்கள். பட்டறைக்குப் போகுமுன், எப்போது ஏறுகிறது, தண்ணீர் எவ்வளவு குறைகிறது, விசிறி ஓடுகிறதா என்னும் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய செலவைச் சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். எல்லா மெக்கானிக்குகளும் ஏமாற்றுபவரல்லர். கேட்டவனுக்குச் சொல்பவர்களும் பலர் உண்டு. நான்தான் கேட்கவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, இன்னும் ஐந்து ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்தேன். மழைக்காலம் முடிந்ததும் தாயாரை அழைத்துக்கொண்டு மறுபடியும் கசாரா மலை ஏறினேன். லாரிகளின் பின்னால் ஊர்ந்தபோது முன்புறத்தில் விசிறி சுழலத் தொடங்கிய ஓசை கேட்டது. முள் நடுவிலேயே நின்றது. பின்பெட்டியில் தண்ணீர் இருந்தது. ஆனால் ஒளித்து வைக்கவில்லை.

ஒன்றையும் கூறி முடிக்கிறேன். சென்ற மாதம் எனக்கு இரண்டு நாள் நெஞ்சில் எரிச்சல் இருந்தது. வழக்கமான அஜீரணம்தான் என்று தோன்றிற்று. ஆயினும் மூன்றாம் நாள் காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டு, ரயில்வே ஆஸ்பத்திரிக்குச் சென்று இருதயப் பரிசோதனை செய்துகொண்டேன். ஒன்றுமில்லை என்றே சொன்னார்கள். தாயாரிடமும் சொன்னேன். "கேட்டுக்கிட்டியே, அது போதும்" என்றார்.