முதலில் விறைப்பு, பிறகு டிஸ்ப்ளே

வீட்டு லேத்தை மேம்படுத்த நினைப்பவர்கள் பலரும் முதலில் டிஜிட்டல் டிஸ்ப்ளேவைத்தான் தேடுகிறார்கள். நான் வேறு வரிசையைச் சொல்வேன். மினி லேத்தில் பெரிய குறை டூல் அசைவதுதான். டூல் வெளியே நீள நீள, வளைவு நீளத்தின் மும்மடியில் கூடுகிறது; 10 மில்லிமீட்டர் 20 ஆனால் அதே விசைக்கு 8 மடங்கு வளையும். காம்பவுண்ட் ஸ்லைடின் கிப்பில் உள்ள தளர்வு அதற்கு மேல். மெஷினை நிறுத்திவிட்டு, டயல் இண்டிகேட்டரின் காந்த அடியை பெட்டில் வைத்து, முனையை டூல் போஸ்டில் தொடவிட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள், முள் நகரும். டிஸ்ப்ளே இதைக் காட்டாது. அதன் ஸ்கேல் அளப்பது ஸ்லைடை, டூல் முனையை அல்ல.

ஆகவே கிப் திருகுகளைச் சரிசெய்த கையோடு, காம்பவுண்டைக் கழற்றி அந்த இடத்தில் கனமான இரும்புக் கட்டை ஒன்றை போல்ட் போட்டு இறுக்குவதே நல்ல செலவு. பார்ட்டிங்கின்போது வரும் அந்தக் கிறீச்சொலியும் அதிர்வும் நன்றாகவே குறையும். டேப்பருக்கு என்ன செய்வது, மரைக்கு என்ன செய்வது என்பார்கள். நியாயமான கேள்வி. குட்டை டேப்பருக்குக் காம்பவுண்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். 1 மில்லிமீட்டர் பிட்ச் போன்ற நுண்மரைகளை டூலை நேராக உள்ளே செலுத்தியே வெட்டலாம். பேக்லாஷ் தொல்லைக்கு டிஸ்ப்ளே நல்ல தீர்வு என்பதை மறுக்கவில்லை. கட்டையைப் பொருத்திய பிறகு தாராளமாக வாங்குங்கள்.